ஹட்டன் பழைய புத்தகக் கடையும் அங்க கெடச்ச 850 ரூவா பைபிள் அகராதியும்

மொதல்ல கடைய பத்தி சொல்லிர்றேன், ஏன்னா புத்தகத்தோட படத்த வட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல போட்டதுல இருந்து எங்க வாங்குன எங்க வாங்குனன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க. இலங்கை மலையகத்து ஹட்டன் டவுன்ல மெயின் ரோட்ட விட்டு உள்ள எறங்குற ஒரு சந்து, கீழ தையக் கட, அதுக்குப் பக்கத்துல ஒடுக்கமா ஒரு படி, ஏறுனா மேல ஒரே ஒரு ரூம், அதுதான் கட. போர்டு கெடையாது. தையக்காரர்கிட்ட புத்தகக் கடன்னு கேட்டா கைய மேல காட்டுவாரு. மழ நாள்ல அந்தப் படி சரியா வழுக்கும், வயசானவங்கள கூட்டிட்டுப் போறதா இருந்தா பாத்துக்குங்க.

நான் போனது தம்பிக்கு ஓ.எல். பரீட்சை பாஸ்ட் பேப்பர் வாங்க. புதுசு வாங்குனா ஒரு பாடத்துக்கு ஆகுற காசுல இங்க நாலு பாடத்துக்கு வாங்கலாம், பென்சில்ல விடை எழுதியிருக்கும், அழிச்சுக்கணும், அவ்வளவுதான். பேப்பர் கட்டுக்குப் பின்னால ஒரு மூலையில கணக்குப்புள்ளமார் காலத்து பழைய செக்ரோல், அதாவது தோட்டத்து ஆளுங்க வேல செஞ்ச நாள பதியிற புத்தகமெல்லாம் கட்டிப் போட்டிருந்தாங்க, எந்தத் தோட்டத்துல இருந்து வந்ததோ, பேரு பேரா, நாளு நாளா, அரப்பேரு முழுப்பேருன்னு கோடு போட்டு வச்சிருக்கு, அதப் பாத்துக்கிட்டே நின்னுட்டேன். அதுக்கு அடியிலதான் இந்தப் புத்தகம் கெடந்திச்சு. தமிழ் பைபிள் அகராதி. அட்ட இல்ல, மொதப் பக்கங்கள் இல்ல, 'அ'வுல பாதியில இருந்துதான் ஆரம்பிக்குது, ஆனா உள்ள எழுத்து எல்லாம் தெளிவா இருந்திச்சு, தும்பிக்க வச்ச லை, ணை போட்ட அந்தக் காலத்து அச்சு.

கடக்கார நானா (முஸ்லிம் அண்ணன்மார நாங்க அப்படித்தான் கூப்பிடுவோம்) 1,000 சொன்னாரு, அட்ட இல்லையேன்னு கேட்டேன், 850க்கு தந்தாரு. பைண்டிங்குக்கு தனியா 600. ஒரு கெழமையில தாறேன்னு சொன்னது மூணு கெழம ஆச்சு, அதுக்கு நான் ரெண்டு தடவ பஸ் ஏறி வந்து வெறுங்கையோட போனேன், டிக்கட் காசு, ஒரு நாள் சம்பளம், அதெல்லாம் சேத்துப் பாத்தா எனக்கு சரியான கோவம். ஒரு போன் பண்ணி சொல்லியிருக்கலாம். இத நேராவே அவருகிட்ட சொன்னேன், தப்புதான் மகள்னு சொன்னாரு. பைண்டிங் வேல மட்டும் கொற சொல்ல முடியாது, நூலால தச்சு, முதுகுல துணி ஒட்டி, நல்லா விரிச்சு வைக்கிற மாதிரி செஞ்சிருந்தாங்க, கம் மட்டும் பூசிக் குடுக்கிற டவுன் பைண்டிங் மாதிரி நாலு மாசத்துல தாளு உதிராது.

சரி, அந்தப் புத்தகத்த ஏன் அவ்வளவு அவசரமா வாங்குனேன்னு சொல்றேன், அதுக்குத்தான் இத்தன நீட்டுறேன்.

எங்க அம்மாயி, அதாவது அம்மாவோட அம்மா, மஸ்கெலியா பக்கத்துல ஒரு தோட்டத்துல பொறந்தவங்க. பொறந்தப்ப பேரு மாரியாயி. அவங்க தம்பி மாசி மாசம் காமன் கூத்துல ரதி வேசம் கட்டுனவரு, அப்பேர்ப்பட்ட குடும்பம். 19 வயசுல கல்யாணம், தாத்தா வீடு கிறிஸ்தவ வீடு, ஞானஸ்நானம் எடுத்தாங்க, சர்ச் ரிஜிஸ்டர்ல மரியம்மாள். அதுக்கப்புறம் மேட்டு லயத்துல (தோட்டத்து வரிச வீடுங்கள்ல) எல்லாரும் அவங்கள வேதக்காரின்னு சொல்ல ஆரம்பிச்சாங்க, சண்ட வந்தா "வேதத்துக்குப் போனவதானே"ன்னு சொல்லுவாங்க. இது ஒரு பக்கம். ஆனா அம்மாயிக்கு வலிச்சது அது இல்ல. சர்ச்சுல ஒரு வருசம் அறுப்பின் பண்டிகைக்கு பெண்கள் சங்கத்து வேலைய யாரு முன்னுக்கு நின்னு செய்யிறதுன்னு பேச்சு வந்தப்ப அம்மாயி பேர ஒருத்தர் சொல்லியிருக்காரு, ஒடனே இன்னொருத்தங்க, "அவங்க வந்தவங்கதானே, பரம்பரைக் கிறிஸ்தவங்க யாராச்சும் பாருங்க"ன்னு சொல்லிட்டாங்க. அப்ப அம்மாயிக்கு 60 வயசு தாண்டிருச்சு. 40 வருசத்துக்கு மேல அந்த சர்ச்ச கூட்டி, பூ வச்சு, வெளக்கு தொடச்சவங்க. வீட்டுக்கு வந்து எங்கிட்ட கேட்டது இன்னும் காதுல இருக்கு. "ஏம்மா, வந்தவ எப்பம்மா இருக்கிறவ ஆவா?"

எனக்கு அப்ப பதில் தெரியல. அதுக்குத்தான் கடையில அந்தப் புத்தகத்த பொரட்டுனப்ப 'யூதமார்க்கத்தமைந்தவர்'னு ஒரு தலைப்பு கண்ணுல பட்டதும் படியிலயே உக்காந்து படிச்சேன்.

நம்ம பழைய தமிழ் பைபிள்ல, 1871ல முடிஞ்ச அந்த மொழிபெயர்ப்புல, அப்போஸ்தலர் 2ஆம் அதிகாரத்துல பெந்தெகொஸ்தே நாள்ல எந்தெந்த ஊர் ஆளுங்க கூடியிருந்தாங்கன்னு ஒரு பெரிய பட்டியல் வரும்ல, அதுல "யூதரும், யூதமார்க்கத்தமைந்தவர்களும்"னு இருக்கும். பிறப்பால யூதர் இல்லாம அந்த மார்க்கத்துக்கு வந்தவங்கன்னு அர்த்தம். கிரேக்கத்துல அதுக்கு சொல்லு ப்ரொசேலுதோஸ். இங்கிலீசுல ப்ரொசலைட்னு சொல்றது இதுல இருந்து லத்தீன் வழியா வந்ததுதான். புதிய ஏற்பாடு முழுக்க இந்தச் சொல்லு 4 எடத்துலதான் வருது, மத்தேயுல ஒன்னு, அப்போஸ்தலர்ல மூணு. அந்தியோகியாவுல இருந்து வந்த நிக்கொலான்னு ஒருத்தர, சாப்பாட்டுப் பந்தி விசாரிக்கத் தெரிஞ்செடுத்த ஏழு பேருல ஒருத்தரா 6ஆம் அதிகாரத்துல போட்டிருக்கு, அவரும் யூதமார்க்கத்தமைந்தவர்தான். அதாவது வந்தவர ஏழு பேருல ஒருத்தரா தூக்கி முன்னால வச்சிருக்காங்க. அம்மாயி சங்கத்துல இருந்தவங்க அந்த அதிகாரத்த எத்தன தடவ வாசிச்சிருப்பாங்க.

இப்ப அந்தச் சொல்லோட வேருக்கு வாங்க. 'ப்ரொஸ்'னா கிட்ட, பக்கமா. மத்த பாதி 'வந்த'ங்கிற வினையில இருந்து வந்தது. சேத்தா கிட்ட வந்தவர், வந்து சேந்தவர். மதம், சாமி, ஞானஸ்நானம் எதுவும் அந்தச் சொல்லுக்குள்ள கெடையாது. வெறும் "வந்தவர்". அம்மாயிய பாத்து எந்த வார்த்தைய சொன்னாங்களோ அதே வார்த்த! நான் அந்த வரிய ரெண்டு தடவ படிச்சேன்.

அகராதியில இதுக்கு மேல கொஞ்சம்தான் இருந்திச்சு, மிச்சத்த நான் வீட்டுக்கு வந்து போன்ல தேடியும் எங்க பைபிள்ல வசனத்த வசனமா எடுத்து வச்சும் பாத்தேன், ரெண்டையும் கலந்தே சொல்றேன்.

கி.மு. 3ஆம் நூற்றாண்டுல எகிப்துல அலெக்சாந்திரியாங்கிற ஊர்ல யூதர்கள் எபிரேய வேதத்த கிரேக்கத்துக்கு மாத்த ஆரம்பிச்சாங்க, ஏன்னா அங்க பொறந்த புள்ளைங்களுக்கு எபிரேயம் வெளங்கல. அப்ப எபிரேயத்துல 'கேர்'னு ஒரு சொல்லு அடிக்கடி வருது. கேர்னா வேற ஊர்ல இருந்து வந்து நம்ம மத்தியில குடியிருக்கிறவன், சொந்தக் காணி இல்லாதவன், சொந்தபந்தத்தோட பலம் இல்லாதவன், இன்னொருத்தன் நெலத்துல வேல செஞ்சு பொழைக்கிறவன். வயல் அறுக்கிறப்ப ஒரு கட்டு மறந்துட்டா திரும்ப எடுக்கப் போகாதே, அத கேருக்கும் அனாத புள்ளைக்கும் விதவைக்கும் விட்டுருன்னு உபாகமம் 24ல இருக்கு, யாரோட சேத்து எண்ணுறாங்கன்னு பாருங்க. இந்த கேருங்கிற சொல்ல கிரேக்கத்துல எழுதுறப்ப பெரும்பாலான எடத்துல ப்ரொசேலுதோஸ்னு போட்டாங்க.

அப்ப அந்தச் சொல்லுக்கு மதம் மாறினவர்னு அர்த்தம் ஆரம்பத்துலயே இருந்திச்சா? இல்லன்னு காட்ட ஒரு வசனம் போதும். யாத்திராகமம் 22:21. "அந்நியனைச் சிறுமைப்படுத்தாமலும் ஒடுக்காமலும் இருப்பீர்களாக, நீங்களும் எகிப்து தேசத்தில் அந்நியராயிருந்தீர்களே." கிரேக்கத்துல இந்த வசனத்துல ரெண்டு எடத்துலயும் ப்ரொசேலுதோஸ்தான். இஸ்ரவேலர் எகிப்துல போயி எகிப்தியர் மதத்துக்கு மாறினாங்களா? இல்லையே. பஞ்சத்துக்குப் போனாங்க, குடியிருந்தாங்க, செங்கல் அறுத்தாங்க, அடிமையா வச்சிருந்தாங்க. ஆக அங்க ப்ரொசேலுதோஸ்னா அந்நிய மண்ணுல வந்து பாடுபட்டவன், அவ்வளவுதான். பெறகு காலம் போகப் போக, வந்து குடியிருந்தவங்கள்ல அந்த மார்க்கத்தையும் ஏத்துக்கிட்டவங்களுக்கு அந்தப் பேரு நின்னுருச்சு, எபிரேய கேருங்கிற சொல்லுக்கும் அதே கதிதான், இன்னிக்கும் யூதர்கள் மதம் மாறி வந்தவர கேர்னுதான் சொல்றாங்க. ரெண்டையும் பிரிச்சுக் காட்டணும்னா முழுசா மார்க்கத்துக்கு வந்தவர கேர் ட்செதெக், மாறாம கூட குடியிருக்கிறவர கேர் தோஷாவ்.

தமிழ்ல படிக்கிற நமக்கு இது தெரியவே தெரியாது, ஏன்னா பழைய ஏற்பாட்டுல 'அந்நியன்'னு போட்டுட்டாங்க, புதிய ஏற்பாட்டுல 'யூதமார்க்கத்தமைந்தவன்'னு போட்டுட்டாங்க. ரெண்டும் ஒரே சொல்லோட பொறப்புன்னு எந்த வாசகனுக்குத் தோணும். இந்த அகராதி அத ஒரே தலைப்புக்குக் கீழ சேத்து வச்சிருக்கு, அதுக்கே 850 ரூவா தகும்.

இப்ப நான் ஏன் அந்தப் படியில உக்காந்து கண்ணு கலங்குனேன்னு மலையகத்து ஆளுங்களுக்கு சொல்லத் தேவையில்ல. மத்தவங்களுக்கு சொல்றேன். எங்க ஆளுங்கள இந்த நாட்டுல என்னென்ன பேரு சொல்லிக் கூப்பிட்டாங்க. கள்ளத்தோணி, தோட்டக்காட்டான், வந்தேறி. வந்தேறிங்கிறதும் வந்தவன்தான், அந்த 'ஏறி'யிலதான் வெசம் இருக்கு. 1823ல இருந்து கோப்பிக்கும் பெறகு தேயிலைக்கும் மன்னார்ல எறங்கி மாத்தளைக்கு நடந்து வந்த சனம், வழியில செத்தவங்க எத்தன. 200 வருசம் ஆச்சுன்னு 2023ல தலைமன்னார்ல இருந்து மாத்தளைக்கு அதே வழியில நடந்தாங்கல்ல, எங்க தோட்டத்துல இருந்தும் ஆளுங்க போனாங்க. 1948ல 18ஆம் இலக்க பிரஜாவுரிமைச் சட்டம் வந்து எங்க தாத்தாமார நாடு இல்லாதவங்களா ஆக்குச்சு. 1964 ஒக்டோபர்ல இலங்கைக்கும் இந்தியாவுக்கும் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம், 5 லட்சத்து 25 ஆயிரம் பேரு இந்தியாவுக்கு, 3 லட்சம் பேரு இங்க, மிச்ச ஒன்றர லட்சத்த பெறகு பாத்துக்குவோம்னு கணக்குப் போட்டு பிரிச்சாங்க. அம்மாயியோட அக்கா குடும்பம் அதுல கோத்தகிரி பக்கம் போயிருச்சு, அங்க அவங்கள சிலோன்காரங்கன்னு சொல்றாங்களாம். இங்க இந்தியாக்காரன், அங்க சிலோன்காரன். நாடில்லாம மிச்சம் இருந்தவங்களுக்குக் குடியுரிமைன்னு சட்டம் வந்தது 2003ல. இந்தக் கததான் கேருங்கிற சொல்லுக்குள்ள இருக்கு. காணி இல்லாம, இன்னொருத்தர் நெலத்துல, தலமொற தலமொறையா வேல.

ஆபிரகாமையே எடுத்துக்குங்க, ஆதியாகமம் 23ல சாராள் செத்துப் போறாங்க, பொணத்த அடக்கம் பண்ண அவருக்கு ஒரு அடி மண்ணு சொந்தமா இல்ல. ஏத்தின் புத்திரர் முன்னால எந்திரிச்சு நின்னு நான் உங்ககிட்ட அந்நியனும் பரதேசியுமா இருக்கிறேன்னு சொல்லி கல்லறைக்கு எடம் கேக்குறாரு, 400 சேக்கல் வெள்ளி குடுத்து வாங்குறாரு. எபிரேயத்துல அங்க 'அந்நியன்'னு இருக்கிறது இதே கேர்தான். வீடு கட்ட 7 பேர்ச்சஸ் துண்டுக் காணிக்கு நடையா நடக்கிற எங்க ஆளுங்களுக்கு அந்த அதிகாரம் வேற மாதிரி கேக்கும். கிரேக்கத்துல அந்த எடத்துல ப்ரொசேலுதோஸ் போடல, பக்கத்துல குடியிருக்கிறவன்னு அர்த்தம் வர்ற பரோய்கோஸ்ங்கிற சொல்ல போட்டாங்க, அதோட வேர்ல இருந்துதான் இங்கிலீசுல பரிஷ்ங்கிற சொல்லே வருதாம். நம்ம பரிஷ், நம்ம பரிஷ்னு சொல்றோமே, அந்நியரா குடியிருக்கிறவங்களோட கூட்டம்னுதான் அதுக்கு ஆரம்ப அர்த்தம்!

இனி நான் ரொம்ப முக்கியமா நெனைக்கிற ஒன்னு. இது அகராதியில ஒரே வரி, நான் தேடிப் போயி படிச்சேன். கி.பி. 200 வாக்குல தொகுத்த மிஷ்னாங்கிற யூத சட்டத் தொகுப்புல, வியாபாரத்துல மட்டும் இல்ல வார்த்தையிலயும் ஒருத்தர வஞ்சிக்கக் கூடாதுன்னு சொல்ற எடத்துல குடுத்திருக்கிற உதாரணங்கள்ல ரெண்ட பாருங்க. மனந்திரும்புனவன்கிட்ட நீ முந்தி என்னென்ன செஞ்சேன்னு நெனப்பூட்டாதே. வந்து சேந்தவனோட புள்ளையா இருந்தா அவன்கிட்ட உங்க அப்பன் பாட்டன் என்ன செஞ்சாங்கன்னு நெனப்பூட்டாதே. அதுக்கு ஆதாரமா காட்டுறது அந்த யாத்திராகமம் 22:21 வசனத்தத்தான். அதாவது சொல்லுறதே ஒடுக்குறதுதான். "வந்தவங்கதானே"ன்னு ஒரு கூட்டத்துல சொல்றது கள்ளத் தராசு வைக்கிற மாதிரி ஒரு வஞ்சன. அம்மாயி அழுதது சின்ன விசயத்துக்குன்னு அப்ப எங்க மாமா கூட சொன்னாரு, சின்ன விசயம் இல்ல மாமா.

பைண்டிங் எடுக்கப் போன அன்னிக்கு இத நானாகிட்ட சொல்லிக்கிட்டு இருந்தேன். அவரு கேட்டுட்டு, எங்கள்லயும் ஒரு சொல்லு இருக்கு மகள்னு சொன்னாரு. முஅல்லஃப். குர்ஆன்ல தவ்பா சூரா 60ஆவது வசனத்துல ஸகாத்ங்கிற கட்டாய தர்மக் காசு யாருக்கெல்லாம் போகலாம்னு 8 வகையான ஆளுங்கள சொல்லியிருக்கு, அதுல ஒன்னு 'உள்ளம் இணக்கப்பட்டவர்கள்', அதுல இருந்துதான் அந்தச் சொல்லு, மலாய்க்காரங்க இன்னிக்கும் புதுசா இஸ்லாத்துக்கு வந்தவர முஅலாஃப்னுதான் சொல்லுவாங்களாம். உள்ளம் இணங்குனவர்! கேக்கவே எவ்வளவு நல்லா இருக்கு. நம்ம பக்கம் தமிழ்ல நவமுஸ்லிம்னு சொல்லுவாங்க, அதுலயும் பாருங்க, புதுசு. எத்தன வருசம் புதுசு.

புதுசுன்னு சொன்னதும் இன்னொரு சொல்லு. இங்கிலீசுல நியோபைட்டுன்னு ஒன்னு இருக்கு, அதுவும் புதுசா மார்க்கத்துக்கு வந்தவருக்குத்தான் மொதல்ல சொன்னது. கிரேக்கத்துல நெயோபுதோஸ், அப்படியே அர்த்தம் புதுசா நட்டது. கன்னு! நர்சரியில பைல வளத்து மலையில கொண்டு போயி நடுற வீப்பி கன்னு மாதிரின்னு வச்சுக்குங்க. 1 தீமோத்தேயு 3ல இது வருது, தமிழ்ல "நூதன சீஷனாயிருக்கக்கூடாது"ன்னு போட்டிருக்கு, யாரு? கண்காணி. நெசமாவே தமிழ் பைபிள்ல அந்த எடத்துல சபைய நடத்துறவருக்கு கண்காணின்னுதான் சொல்லு, "கண்காணியானவன் குற்றஞ்சாட்டப்படாதவனும்"னு. நம்ம தோட்டத்துல ஆளுங்கள வேல வாங்குற கங்காணியும் அதே கண்காணிதான், பேச்சுல தேஞ்சது. ஆக வசனம் என்ன சொல்லுது, புதுசா நட்ட கன்ன ஒடனே கண்காணி ஆக்காதே, பெரும வந்து விழுந்துரும்னு. தேயில தெரிஞ்சவங்களுக்கு இது எவ்வளவு லேசா வெளங்கும், நட்டதும் கொழுந்து எடுக்க மாட்டாங்க, வேர் புடிக்கணும், தட்டி வாது விடணும், ரெண்டு மூணு வருசம் பாக்கணும். ஆனா 40 வருசம் கழிச்சும் அத கன்னுன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. அது செடி. அது மல.

அதே கிரேக்கச் சொல்லு சங்கீதம் 128லயும் இருக்கு, "உன் பிள்ளைகள் உன் பந்தியைச் சுற்றிலும் ஒலிவமரக்கன்றுகளைப்போல் இருப்பார்கள்". எல்லாக் கல்யாணத்துலயும் வாசிக்கிறது, என் கல்யாணத்துல வாசிச்சது அம்மாயிதான். பந்திய சுத்தி ஒக்காந்திருக்கிற கன்னுங்க. வீட்டுப் புள்ளைங்களுக்கும் புதுசா வந்தவங்களுக்கும் ஒரே சொல்லு.

தமிழ்ல நாம போட்டுக்கிட்ட சொல்லுங்கள பத்தி அகராதி பேசல, அது ஒரு பெரிய கொற, ஆனா நான் யோசிச்சத சொல்றேன். மதம் மாறினவர்னு சொல்றோம், அதுல எல்லாக் கண்ணும் விட்டுட்டு வந்ததுமேலதான் இருக்கு. பழைய பைபிள்ல மாறினவர்னு போடல, மார்க்கத்து 'அமைந்தவர்'னு போட்டாங்க. கத்தோலிக்கரும் மத்த சபையும் சேந்து 1995ல கொண்டு வந்த திருவிவிலியத்துல "யூதம் தழுவியோர்"னு இருக்கு. அமையிறது, தழுவுறது, ரெண்டும் எவ்வளவு மெதுவான சொல்லு. மத்தேயு 23:15ல மட்டும்தான் வேற மாதிரி, பரிசேயர திட்டுறப்ப, ஒருத்தன உங்க மார்க்கத்தானாக்க கடலையும் பூமியையும் சுத்தித் திரியிறீங்க, ஆக்குனப்புறம் அவன உங்களவிட ரெண்டு மடங்கு கெடுத்துர்றீங்கன்னு. அந்தத் திட்டு ஆள் புடிக்கிறவனுக்கு, வந்தவனுக்கு இல்ல.

வேதக்காரருங்கிற சொல்லு ஊர்ல இருந்து வந்தது. மலநாட்டுல 1854ல கண்டியில தமிழ் கூலி மிஷன்னு ஆரம்பிச்சாங்க, தொர மாரும் சேந்து ஆரம்பிச்சது, திருநெல்வேலியில இருந்து உபதேசியார்மார கூட்டிட்டு வந்து தோட்டம் தோட்டமா அனுப்புனாங்க. மிஷன் பேருலயே கூலின்னு வச்சிருந்தாங்க, அந்தப் பேர இப்ப வாசிச்சாலும் நெஞ்சுல குத்துது. ஆனா அந்த உபதேசியார்மாரும் மலையேறி வந்தவங்கதான், அவங்க யாருகிட்ட பேசுனாங்களோ அவங்களும் வந்தவங்கதான். இதுல யாரு யார வந்தவங்கன்னு சொல்றது.

புத்தகத்த வீட்டுக்குக் கொண்டு வந்து அம்மாயிக்கு வாசிச்சுக் காட்டுனேன். இப்ப கண்ணு சரியா தெரியாது, காது நல்லா கேக்கும். யூதமார்க்கத்தமைந்தவர்ங்கிறத ரெண்டு தடவ சொல்ல சொன்னாங்க. "அமையிறதுன்னா, வீடு அமையிறதுன்னு சொல்லுவோமே அதா?"ன்னு கேட்டாங்க. ஆமா அம்மாயின்னேன். லேவியராகமம் 19:34ம் வாசிச்சேன், "உங்களிடத்தில் வாசம்பண்ணுகிற அந்நியனைச் சுதேசிபோல எண்ணி"ன்னு வர்றது. கொஞ்ச நேரம் பேசாம இருந்தாங்க. பெறகு, இத அந்த சங்கத்துப் புள்ளைங்களுக்கு வாசிச்சுக் காட்டுவியான்னு கேட்டாங்க. அப்ப "வந்தவங்கதானே"ன்னு சொன்னவங்க இப்ப இல்ல, செத்துட்டாங்க, அவங்க மகதான் இப்ப செயலாளர். அம்மாயி ஒடனே, "அவகிட்ட அவ அம்மா சொன்னத சொல்லாத, வசனத்த மட்டும் வாசி"ன்னாங்க. மிஷ்னா என்னன்னே அம்மாயிக்குத் தெரியாது.

போன மாசம் வாசிச்சேன். அந்த ஒரு பக்கத்த கீழ தையக் கடைக்குப் பக்கத்துல பொட்டோக் கொப்பி எடுத்து 12 பேருக்குக் குடுத்தேன்.

திரும்ப புத்தகத்துக்கு. கொறன்னு பாத்தா, 'அ'வுல பாதி இல்லாததால அந்நியன்ங்கிற தலைப்பே போயிருச்சு, எனக்கு அதுதான் ரொம்பத் தேவப்பட்டது. தமிழ் பழைய பிரசங்கத் தமிழ், சில வாக்கியம் அர பக்கம் ஓடுது, ஓ.எல். புள்ளைங்களுக்குத் தனியா வெளங்காது. ஆம்பளைங்க யூத மார்க்கத்துல சேர்றப்ப விருத்தசேதனம், தண்ணியில முழுக்கு, ஆலயம் இருந்த காலத்துல பலின்னு மூணு முறைய நல்லா வெளக்கியிருக்கு, கி.பி. 70ல எருசலேம் ஆலயம் இடிஞ்சப்புறம் பலி நின்னு போச்சுன்னும் இருக்கு, ஆனா பொம்பளைங்க எப்படிச் சேந்தாங்கங்கிறதுக்கு ஒரு வரி கூட இல்ல. ரூத்த பத்தி தனித் தலைப்பு இருந்தும் அத இதோட சேத்துச் சொல்லல. "உம்முடைய ஜனம் என்னுடைய ஜனம்"னு மாமியார்கிட்ட சொன்ன மோவாபியப் பொண்ணு, வயல்ல கதிர் பொறுக்குனவ, தாவீதோட பாட்டன பெத்தவ, அவள விட்டுட்டு இந்தச் சொல்ல எப்படி முடிக்கிறது? ஈரம் பட்ட நாத்தம் கொஞ்சம் இருக்கு, நம்ம குளுருக்கு எந்தப் பழைய புத்தகத்துலயும் அது இருக்கும், நாலு நாள் வெயில்ல வச்சேன், பரவாயில்ல.

கடைக்கு அஞ்சுக்கு நாலு குடுப்பேன். ஒன்னு கொறச்சது அந்த மூணு கெழமைக்கு. புத்தகத்துல வெல போட மாட்டாரு, கேட்டுத்தான் வாங்கணும், ஆனா ஏமாத்துற ஆள் இல்ல, ஸ்கூல் புள்ளைங்க வந்தா இருக்கிற காசுக்குக் குடுக்குறத நானே பாத்தேன். பில் வேணும்னா மொதல்லயே சொல்லிருங்க. நின்னு வாசிச்சா ஒன்னும் சொல்ல மாட்டாரு, ஒரு பிளாஸ்டிக் கதிரைய இழுத்துப் போடுவாரு. வெள்ளிக்கெழம ஜும்மாவுக்கு பகல்ல ரெண்டு மணி வரைக்கும் பூட்டியிருக்கும், ஞாயிறு லீவு, மஸ்கெலியா, நோர்வூட், பொகவந்தலாவ பக்கம் இருந்து வர்றவங்க சனிக்கெழம காலையில வந்தா நல்லது, மத்தியானத்துக்கு மேல டவுன்ல கால் வைக்க முடியாது. கண்டியில இருந்து இன்னும் ரெண்டு மூட்ட வருதாம், அதுல இதே அகராதி அட்டையோட ஒன்னு இருக்குன்னு நானா சொல்லியிருக்காரு. 'அந்நியன்' பக்கத்துக்காக அத நான் சொல்லி வச்சிருக்கேன், உங்கள்ல யாராச்சும் முந்திப் போனா தயவுசெஞ்சு அத மட்டும் எனக்கு விட்டுருங்க.